டார்கெட் ரைபிளுக்கு எதெல்லாம் வேண்டும், எதற்கு அவசரமில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது 10 மீட்டர் ஏர் ரைபிளையும் (காற்றழுத்தத்தில் சுடுவது) 50 மீட்டர் .22 ரைபிளையும் (0.22 அங்குலத் தோட்டா போட்டுச் சுடுவது) பற்றி. சுடுதளத்தில் பக்கத்து லேனில் நிற்பவர்கள் பயிற்சி முடிந்ததும் கேட்கும் கேள்விகளைத்தான் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

புது ரைபிள் கைக்கு வந்துவிட்டது. முதலில் எந்தப் பாகத்தை வாங்குவது?

பாகம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, மெல்லிய முனையுள்ள பெயின்ட் மார்க்கர், தரமான ஆலன் கீ செட், ஒரு சின்ன டார்க் ரெஞ்ச் (திருகை அளந்து இறுக்கும் கருவி). முதல் இரண்டு மாதத்துக்கு இந்த நான்கும் போதும். ரைபிளோடு வந்த பட் பிளேட்டிலும் (தோளில் படியும் தகடு) சீக் பீஸிலும் (கன்னம் சாயும் பகுதி) சைட்டிலும் (குறிபார்க்கும் பாகம்) நகர்த்திப் பார்க்க நிறைய இடம் இருக்கிறது. அதை முழுசாகப் பயன்படுத்தாமலே புதிதாக ஒன்றை மாட்டினால், எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எதை வாங்கும்போதும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் பாகம், ரைபிள் ஒவ்வொரு முறையும் என் உடம்பில் அதே இடத்தில் வந்து உட்கார உதவுமா? உதவும் என்றால் வாங்கலாம். பார்க்க அழகாக இருக்கிறது, பெரிய வீரர் ஒருவர் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் காரணமாகாது. அவருடைய கழுத்து நீளம் வேறு, தோள் வேறு.

நோட்டில் என்னதான் எழுதுவது?

நகரக்கூடிய எல்லாவற்றையும். பட் பிளேட்டின் உயரம், வெளியே இழுத்த நீளம், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது. சீக் பீஸ் உயரம். ஹேண்ட் ஸ்டாப் (முன் கையைத் தடுத்து நிறுத்தும் பாகம்) அதன் தண்டவாளத்தில் எத்தனையாவது எண்ணில் நிற்கிறது. முன் ரிங் (முன் சைட்டில் இலக்கைச் சூழ்ந்து தெரியும் வளையம்) அளவு. ஐரிஸ் (அளவை மாற்றக்கூடிய ஓட்டை) எவ்வளவு திறந்திருக்கிறது. தேதியும் போடுங்கள். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு குறைந்தது மூன்று பயிற்சிகளாவது அப்படியே விட்டுப் பாருங்கள்.

டயாப்டருக்கு (சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கும் பின் சைட்) என்று தனியாக ஒரு வேலை உண்டு. அதன் மேல்-கீழ், இட-வலத் திருகுகள் இரண்டையும் ஒரு பக்கமாகக் கடைசி வரை மெதுவாகத் திருப்பி, எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிவிட்டு, அதே எண்ணிக்கைக்குத் திரும்பி வாருங்கள். யாராவது கை வைத்தாலும், பெட்டியில் இடிபட்டாலும், அந்த எண் இருந்தால் ஒரு நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆட்டம் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச்சுற்றுக்கு முந்தைய சோதனை ஷாட்டில் குண்டு மையத்தை விட்டு வெகுதூரம் போனதையும், சைட் தான் விட்டுச் சென்ற இடத்தில் இல்லை என்பதையும் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்தச் சில நிமிடங்களில் சைட்டைத் திரும்பச் சரிசெய்துவிட்டுத்தான் அவர் இறுதிச்சுற்றைச் சுட்டார். கடைசி ஷாட் 10.8.

பட் பிளேட்டையும் சீக் பீஸையும் எப்படிப் பொருத்துவது?

கண்ணை மூடிக்கொண்டு. உண்மையாகவே சொல்கிறேன். ரைபிள் காலியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, குழல் இலக்கின் பக்கமே இருக்க, உங்கள் நிலையில் நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். ரைபிளைத் தோளில் வைத்து, தலையைத் தானாகச் சாயவிடுங்கள். கழுத்து இறுகாமல் கன்னம் சீக் பீஸில் இறங்கி அமரட்டும். இப்போது கண்ணைத் திறந்தால் பின் சைட்டின் ஓட்டை நேராகத் தெரிய வேண்டும். ஓட்டையின் கீழ் விளிம்புதான் தெரிகிறது என்றால் சீக் பீஸ் தாழ்வு. மேல் விளிம்பு தெரிந்தால் உயரம். பக்கவாட்டில் விலகியிருந்தால் சீக் பீஸை உள்ளேயோ வெளியேயோ நகர்த்துங்கள்.

தலையை நகர்த்திச் சைட்டைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதல் பத்து ஷாட்டுக்கு அது தாங்கும். ஐம்பதாவது ஷாட்டில் கழுத்து களைத்துவிடும், தலை ஒரு மில்லிமீட்டர் இறங்கும், ஏன் குண்டுகள் விலகுகின்றன என்று புரியாமல் டயாப்டரைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள்.

பட் பிளேட் தோளின் குழிவில் முழுசாகப் படிய வேண்டும். மேல்முனை மட்டும் அழுத்தினாலோ கீழ்முனை மட்டும் அழுத்தினாலோ சாய்வை மாற்றுங்கள். கொக்கி வைத்த பட் பிளேட் 50 மீட்டர் ரைபிளுக்கு உரியது. 10 மீட்டர் ஏர் ரைபிளில் கொக்கிக்கு அனுமதி இல்லை.

இன்னொன்று. ஷூட்டிங் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் செய்ய வேண்டும். டி-ஷர்ட்டோடு அமைத்த நீளம் ஜாக்கெட் போட்டதும் கூடிவிடும்.

சைட்டை உயர்த்தும் பிளாக் வாங்கலாமா?

தலையை நிமிர்த்தி வைக்க முடியாமல், புருவத்தின் வழியாக மேலே பார்த்துச் சுடுகிறீர்கள் என்றால் வாங்கலாம். நீண்ட கழுத்து உள்ளவர்களுக்கு இது பெரிய ஆறுதல். சீக் பீஸையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

முன், பின் இரண்டையும் ஒரே அளவு உயர்த்துங்கள். இரண்டிலும் 6 மி.மீ. பிளாக் வைத்தால், பார்வைக் கோடு 6 மி.மீ. மேலே போகிறது, குழல் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதனால் குண்டு முன்பை விட 6 மி.மீ. கீழே விழும். 10 மீட்டர் இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி 2.5 மி.மீ. தான், ஆக இரண்டு வளையத்துக்கு மேல் இறக்கம். அதை டயாப்டரில் திருத்திவிடலாம். பின் சைட்டை மட்டும் உயர்த்தினால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் நடுவே 80 செ.மீ. இருந்தால், பின்னால் உயர்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் 10 மீட்டரில் குண்டை 12 மி.மீ.க்கு மேல் ஏற்றிவிடும். கிளிக் திருகில் அவ்வளவு இடம் மிச்சம் இருக்காது.

முன் ரிங் எந்த அளவு நல்லது?

நினைப்பதை விடப் பெரியது. 10 மீட்டர் இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. கண்ணிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கும் முன் சைட்டில் அந்தக் கறுப்பு ஏறக்குறைய 2.7 மி.மீ. அளவுக்குத்தான் தெரியும். ரிங்கின் உட்துளை 3.2 மி.மீ. என்றால் கறுப்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். துல்லியமாகத் தெரிவது போலத் தோன்றும், ஆனால் ரைபிளின் ஒவ்வொரு சிறு ஆட்டமும் அந்த வெள்ளையைக் கடித்துவிடும். கண் பதறும், விரல் தயங்கும், ஷாட் தாமதமாகும். 4 மி.மீ. பக்கம் வைத்துப் பாருங்கள். வெள்ளை அகலமானதும் கறுப்பு நடுவில் அமைதியாக மிதக்கும். கண்ணுக்கு மையம் கண்டுபிடிக்கத் தெரியும், அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் விட்டால் போதும்.

அளவை மாற்றக்கூடிய முன் ஐரிஸ் கிடைக்கிறது. தனித்தனி ரிங்குகளைக் கழற்றி மாட்டுவதை விட அது வசதி. எனக்குப் பிடித்த செலவு இது.

பின்னால் ஐரிஸ்? வண்ண ஃபில்டர்?

பின் ஐரிஸ் வேண்டும். பெரும்பாலானவை 0.5 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை திறக்கும். ஓட்டை சிறியதானால் முன் ரிங்கும் இலக்கும் ஒருசேரக் கூர்மையாகத் தெரியும், ஆனால் வெளிச்சம் குறையும். பெரியதானால் வெளிச்சம் கூடும், கூர்மை போகும். 1.1 அல்லது 1.2 மி.மீ.யில் தொடங்குங்கள். கூடத்தின் விளக்கு மங்கலாக இருந்தால் கொஞ்சம் திறங்கள்.

வண்ண ஃபில்டர் 50 மீட்டரில், வெயில் இலக்கில் பட்டுக் கண் கூசும்போது உதவும். உள்ளரங்க 10 மீட்டரில் எனக்கு அதன் தேவை வந்ததில்லை.

டயாப்டரில் இருக்கும் எழுத்துகள் குழப்புகின்றன. ‘ஹெச்’ பக்கம் திருப்பினால் குண்டு கீழே போகிறதே?

சரியாகத்தான் வேலை செய்கிறது. ஜெர்மன் தயாரிப்புகள் பலவற்றில் அந்த எழுத்து குண்டு எங்கே விழுந்தது என்பதைக் குறிக்கும். ‘ஹெச்’ என்றால் ஹோஹ், அதாவது உயரம். குண்டு உயரே விழுந்ததா, ‘ஹெச்’ பக்கம் திருப்பு என்று பொருள். ‘டி’ (T) தாழ்வு. ‘ஆர்’, ‘எல்’ இரண்டும் வலம், இடம். குண்டு வலது பக்கம் விழுந்தால் ‘ஆர்’ பக்கம் திருப்ப வேண்டும். எல்லாத் தயாரிப்பிலும் இப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாமல், பத்து கிளிக் திருப்பி இரண்டு ஷாட் சுட்டுப் பார்த்து, திசையை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள். போட்டி நேரத்துப் படபடப்பில் ஸ்டிக்கர்தான் கைகொடுக்கும்.

சுடாத கண்ணை மூடாமல் இருக்க முடியவில்லை.

மூட வேண்டாம், மறைத்தால் போதும். ஒரு கண்ணை இறுக்கி மூடினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும். பின் சைட்டில் மாட்டும் பிளைண்டர் ஒன்று வாங்குங்கள், அல்லது ஒளி ஊடுருவும் வெள்ளை பிளாஸ்டிக்கை நீங்களே வெட்டி மாட்டுங்கள். போட்டி விதிப்படி அது 30 மி.மீ.க்கு மேல் உயரமாகவும், ஓட்டையின் நடுவிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் நீளமாகவும் இருக்கக் கூடாது. கறுப்பு வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டும் இன்னொன்றுக்கு வெளிச்சமுமாக இருந்தால் சுடும் கண்ணின் பாவை விரியும்.

எடை சேர்த்தால் ரைபிள் ஆடாதா?

ஆட்டம் மெதுவாகும். நின்றுவிடாது. குழலின் முன்பக்கம் எடை சேர்த்தால் முனை சோம்பலாக நகரும், அது பலருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த எடையை முதுகுதான் சுமக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கு எடை சேர்க்கச் சொல்லவே மாட்டேன், இருப்பதில் கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள் என்பேன். ஏர் ரைபிளுக்கு மேல்வரம்பு சைட்டோடு சேர்த்து 5.5 கிலோ.

பெரியவர்கள் 50 கிராம் வீதம் சேர்த்துப் பாருங்கள். ரைபிள் எங்கே சமநிலையில் நிற்கிறது என்று ஒரு விரலில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். முன் கை தாங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கும். பின்னால் பட் பிளேட் பக்கமும் எடை வைக்க இடம் உண்டு, அதை யாரும் முயன்று பார்ப்பதில்லை.

டிரிகரை எவ்வளவு இலகுவாக வைக்கலாம்?

ஏர் ரைபிளுக்கும் 50 மீட்டர் ரைபிளுக்கும் விதிப்படி டிரிகருக்குக் குறைந்தபட்ச எடை (இழுக்க வேண்டிய விசை) இல்லை. அனுபவமுள்ளவர்கள் 100 கிராமுக்கும் கீழே வைக்கிறார்கள். தொடக்கத்தில் அப்படி வைக்காதீர்கள். டிரிகரின் இலகுவான முதல் கட்ட நகர்வு முடிந்து விரல் ஒரு சுவரில் முட்டி நிற்பது போன்ற உணர்வு தெளிவாக இருக்க வேண்டும். அதுதான் எடையை விட முக்கியம். மாற்றிய பிறகு, ரைபிள் காலியாக இருக்கும்போது டிரிகரை ஏற்றி, பட் பிளேட்டை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுங்கள். தானாக விடுபட்டால் அளவுக்கு மீறி இலகுவாக்கிவிட்டீர்கள். உடனே கூட்டுங்கள்.

டிரிகரின் நாக்கு முன்னும் பின்னும் நகரும். விரலின் முதல் கணுவின் நடுச் சதை அதில் நேராகப் படியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

டார்க் ரெஞ்ச் உண்மையிலேயே அவசியமா? கையால் இறுக்கினால் ஆகாதா?

.22 ரைபிளில் கட்டாயம் அவசியம். ஆக்‌ஷனை (தோட்டாவை ஏற்றிச் சுடும் பகுதி) ஸ்டாக்கோடு (தோளில் தாங்கும் உடல்) பிணைக்கும் திருகுகளின் இறுக்கம் மாறினால் இலக்கில் குண்டுகள் சேர்ந்து விழும் வட்டமும் மாறும், சில நேரம் கண்ணுக்குத் தெரியும்படி விரியும். பல ரைபிள்களில் 5 நியூட்டன் மீட்டர் பக்கம் சொல்லியிருப்பார்கள், உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். ஒரு திருகை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

இறுக்கி முடித்ததும் திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மார்க்கரால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால் திருகு நகர்ந்துவிட்டது. ஒருமுறை மூன்று வாரம் என் குண்டுகள் காரணமில்லாமல் இடப்பக்கம் சிதறின. பெல்லட்டை (ஏர் ரைபிளின் குண்டு) மாற்றினேன், நிலையை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் முன் சைட்டைப் பிடித்திருந்த சின்னத் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. அன்றிலிருந்து எல்லாத் திருகிலும் கோடு உண்டு.

ஏர் ரைபிள் குழலை எப்போது சுத்தம் செய்வது?

அடிக்கடி வேண்டாம். சில நூறு ஷாட்டுக்கு ஒருமுறை, 4.5 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பெல்லட் இரண்டு மூன்றை உலர்வாகவே செலுத்தினால் போதும். முதலில் வருவது சாம்பல் நிறத்தில் இருக்கும், அடுத்தது வெளுக்கும். ஒன்றை மட்டும் தனியாகச் சுடாமல் இரண்டை ஒன்றாக வைத்துச் சுடுங்கள், ஃபெல்ட் மிக லேசானது. குழலுக்குள் எண்ணெய் விடாதீர்கள்.

.22 ரைபிளுக்கும் அதேதானா?

இல்லை, இதில் வேலை அதிகம். .22 தோட்டாவின் குண்டு மெழுகு பூசிய ஈயம். ஈயமும் மெழுகும் வெடிமருந்தின் கரியும் சேர்ந்து, தோட்டா அமரும் சேம்பர் முடிந்து குழலின் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில் ஒரு கடினமான கரி வளையமாகப் படியும். துல்லியம் குறைவதற்கு இது முக்கியக் காரணம்.

தேவையானவை: ஒரே துண்டாலான, பூச்சுள்ள கிளீனிங் ராடு, ராடு குழலின் நடுவில் செல்லும்படி பின்னால் பொருத்தும் ராடு கைடு, துணித் துண்டைப் பிடிக்கும் ஜாக், நைலான் அல்லது வெண்கலப் பிரஷ், ஈயத்துக்கும் கரிக்குமான கரைசல். எப்போதும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் பாகம்) பக்கத்திலிருந்து நுழைத்து வாய்ப்பக்கம் தள்ளுங்கள். துணி வாயைத் தாண்டி வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட்டு ராடை மெதுவாக இழுங்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழலின் வாய் விளிம்பு. அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அந்தக் குழலை மீட்பது கஷ்டம். துண்டு துண்டாகத் திருகி இணைக்கும் மலிவு ராடின் மூட்டுகள் அந்த விளிம்பைத்தான் முதலில் உரசும்.

சுத்தம் செய்த உடனே போட்டிக்குப் போகாதீர்கள். மெழுகு மறுபடி ஒரே சீராகப் படிய சில ஷாட் ஆகும்.

எங்கெல்லாம் எண்ணெய் விடலாம்?

வெளிப்புற உலோகத்தில், துணியில் தொட்டு, ஒரு படலமாக. வியர்வையின் உப்பு ஒரே இரவில் துருவாக மாறும். அதனால் பயிற்சி முடிந்ததும் கன்னமும் கையும் பட்ட இடங்களைத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். போல்ட்டின் உராயும் இடங்களில் பட்டாணி அளவைவிடக் குறைவாக கிரீஸ்.

உயர் அழுத்தக் காற்று போகும் எந்த இடத்திலும் சாதாரண எண்ணெய் கூடவே கூடாது. காற்று சட்டென்று அழுத்தப்படும்போது எழும் சூட்டில் எண்ணெய் ஆவி தீப்பற்றலாம். ஏர் ரைபிளின் காற்றுச் சிலிண்டரில் உள்ள ஓ-ரிங்கிற்குத் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் பளபளப்பு தெரியும் அளவுக்கு.

சிலிண்டரைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

அதில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். போட்டி விதிப்படி அதிகபட்சம் பத்து ஆண்டுகள்தான், கணக்கு வைப்பது வீரரின் பொறுப்பு. பழைய ரைபிள் வாங்குபவர்கள் இதைப் பார்க்காமல் ஏமாறுகிறார்கள்.

நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். 200 பார் (அழுத்தத்தின் அளவு) என்று எழுதியிருந்தால் 200 பார்தான். பெரிய டேங்கில் 300 பார் இருக்கும்போது வால்வைத் தலைமுடி அளவு திறங்கள். உலர்ந்த காற்று முக்கியம். கைப்பம்பு என்றால் ஈரம் வடிகட்டும் அமைப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ரைபிளில் மாட்டும் முன் இணைப்பு வாயில் தூசி இருக்கிறதா என்று ஒரு பார்வை. விமானப் பயணத்துக்கு முன் காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும்.

டிரை ஃபயர் (குண்டில்லாமல் டிரிகரை இழுத்துப் பழகுவது) செய்தால் ரைபிள் கெடுமா?

ஏர் ரைபிளில் அதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது, காற்று வீணாகாமல் டிரிகர் மட்டும் வேலை செய்யும். .22 ரைபிளில் கவனம் தேவை. தோட்டா இல்லாமல் விட்டால், தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின் சேம்பரின் விளிம்பில் மோதி அங்கே பள்ளம் விழலாம். சுட்டு முடித்த வெற்றுக் கூட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். சில ரைபிள்களுக்கு டிரை ஃபயர் பின் தனியாகக் கிடைக்கிறது. பயிற்சி முடிந்ததும் ஃபயரிங் பின்னை மாற்ற மறக்காதீர்கள்.

பாதுகாப்புக் கொடி (ரைபிள் காலி என்று காட்டக் குழலில் செருகுவது) எதற்கு? ரைபிள் காலி என்று எனக்குத் தெரியுமே?

உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பளிச்சென்ற நிறத்தில், ஏர் ரைபிளுக்குக் குழல் முழுவதும் ஓடி இரண்டு பக்கமும் தெரியும் நீளத்தில் வாங்குங்கள். இரண்டு வாங்கி ஒன்றைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

கணினியில் தடம் காட்டும் பயிற்சிக் கருவி வாங்கலாமா?

ஸ்காட் போன்ற கருவிகள் ஷாட்டுக்கு முந்தைய நொடிகளில் குழல் எங்கெல்லாம் அலைந்தது என்று திரையில் கோடாகக் காட்டும். விரலை இழுக்கும்போது ரைபிள் விலகுகிறதா, விலகிய பிறகு இழுக்கிறீர்களா என்பதை வெறும் கண்ணால் பிரித்தறிய முடியாது, இது காட்டிவிடும். அருமையான கருவி. ஆனால் பயிற்சியாளர் ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தால்தான் பலன். கிளப்பில் பொதுவாக ஒன்று இருந்தால் போதும்.

புதுக் குழல் போட்டால் புள்ளி கூடுமா?

அதற்கு முன் பெல்லட்டைச் சோதியுங்கள். ஒரே தயாரிப்பிலேயே தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும், ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். ரைபிளை அசையாமல் பிடிக்கும் வைஸில் பொருத்தி, ஒவ்வொன்றிலும் பத்து ஷாட் சுட்டு, ஓட்டைகள் சேர்ந்து உண்டாகும் வட்டத்தை அளந்து பாருங்கள். மிகச் சிறிய வட்டம் தந்த டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே லாட்டில் ஒரு வருடத்துக்கு வேண்டியதை வாங்கி வையுங்கள்.